கங்கம்மா எடுத்துக் குடுத்த ஊரு

அடிலெய்டுன்னு மட்டும் சொல்லிடாத கண்ணு... வேற எந்த ஊரு வேணா சொல்லு, கேட்டுக்கறேன். அந்தப் பேரக் கேட்டாலே எனக்கு இங்க, இதோ இந்த எடத்துல, சுருக்குங்குது. நீ போன்ல பேசறத ஒட்டுக் கேக்கணும்னு இல்ல. காது இருக்குதே, இன்னா பண்றது? ‘பிரிஸ்பேனா அடிலெய்டா, ஆஸ்திரேலியாவுல எங்க வாடக கம்மி’ன்னு நீ யாரையோ கேட்டியா... வாய மூடிக்கினு வந்துடலாம்னுதான் நெனச்சேன். எங்க ஊரு நகரியில ரயிலு ஏறினதுல இருந்து வேப்பகுண்டா தாண்டற வரைக்கும் அடக்கிக்கினு வந்தேன். அதுவே பெருசு.

படிக்கப் போறியா, வேலைக்கா? ரெண்டுமா! சர்லே... கொஞ்சம் நவுந்து உக்காரு, அந்தப் பை என்துதான், மிதிச்சிடாத, உள்ள பொரி உருண்ட இருக்குது. அந்த ஓரத்துல துண்டால மூஞ்சிய மூடிக்கினு தூங்கறாரே, அது எங்க வூட்டுக்காரரு. நாகபூஷணம்னு பேரு. வண்டி கெளம்பறதுக்கு முன்னாடியே தூங்கிடுவாரு. திருப்பதி வந்தாலும் நான் உலுக்கினாத்தான் எழுவாரு. நாம பேசலாம்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, பிரித்திகா. நர்ஸு. மாப்ள கிரண்குமாரு, பாகாலாக்காரரு, கம்ப்யூட்டர்ல இன்னாமோ பண்றாரு. இன்னா பண்றாருன்னு எனக்கும் தெரியாது, அவரப் பெத்தவங்களுக்கும் தெரியாது. மூணு வருஷமா மெல்போன்ல இருந்தாங்க. நல்லாத்தான் இருந்தாங்க. அந்த ஹவுஸ் ஓனரு வாடக ஏத்தினான் பாரு... ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. அங்க வாரத்துக்கு வாரம் வாடகயாம் கண்ணு! மாசத்துக்கு இல்ல, வாரத்துக்கு! எந்த ஊர்லயாவது கேட்டிருக்கியா? ஓ, உனக்குத் தெரியும்... போவப் போறவளாச்சே. எனக்குத் தெரியாது. நான் மொத மொத கேட்டப்ப, ‘ஏண்டி, குடும்பம் பண்றீங்களா லாட்ஜில தங்கி இருக்கீங்களா’ன்னு கேட்டேன். அதுக்கு அவ நாலு நாளு பேசல.

அப்பால ரெண்டு பேரும், செலவு கம்மியான ஊராப் பாத்துப் போயிடலாம்னு முடிவு பண்ணாங்க. முடிவு பண்ணாங்களே கண்டி, எந்த ஊருன்னு முடிவு பண்ணல. அஞ்சு மாசம்! ஞாயித்துக்கெழம ஆனா வீடியோ கால்ல இதே பேச்சு. ஒரு வாரம் பிரிஸ்பேனு. அங்க நம்ம ஊரு மாதிரி வெயிலாம், வேர்க்குமாம். வேர்க்கறதுக்கா அவ்ளோ தூரம் போனீங்கன்னு கேட்டேன். அடுத்த வாரம் ஹோபார்ட்டு. அது எங்கியோ கீழ தனியா தீவுல கெடக்குதாம், குளிராம். வாடக கம்மின்னா ஐஸ்பொட்டிக்குள்ளகூடப் போயி படுத்துக்குவீங்களான்னு கேட்டேன். மாப்ள எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டி வெச்சிக்கினு இருந்தாரு. வாடக எவ்ளோ, பாலு எவ்ளோ, பஸ்ஸு எவ்ளோன்னு. கட்டம் வளந்துக்கினே போச்சே தவிர மனுஷன் எழுந்து ஒரு ஊரப் பாத்து நடக்கல.

நான் அப்படி இல்ல கண்ணு. நான் ஒரே நாள்ல முடிவு பண்ணிட்டேன். எப்படின்னு கேளு. கேளேன்! எங்க வூட்ல நாலு பவர்லூம் ஓடுது. தறியில இருந்து ஒரு நூல அறுத்துக்கினு வந்தேன். பிரித்திகா ஸ்கூலு அட்லாஸு பரண்ல இருந்துச்சி, எடுத்து தட்டினேன். ஊரு பேரெல்லாம் தெலுங்குல. இருக்கட்டுமே, நூலுக்கு இன்னா பாஷ? நகரிய எங்க போட்டிருக்கான், போடல. திருப்பதி இருந்துச்சி. அங்க ஒரு முனைய வெரலால அமுக்கிக்கினு ஒவ்வொரு ஊரா இழுத்துப் பாத்தேன். சிட்னி, தூரம். பிரிஸ்பேனு, அய்யோ, நூலு பத்தல. மெல்போனு தூரம். பெர்த்து... பெர்த்துதான் கண்ணு கிட்ட! மத்த ஊரெல்லாம் அதுக்கு மேல ரெண்டு வெரலாவது தள்ளி.

சிரிக்கற. சிரி. எனக்கு வாடகயும் தெரியாது, பாலு வெலையும் தெரியாது. எனக்கு ஒண்ணு ஆச்சின்னா அவ சீக்கிரம் வரணும், அவளுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் சீக்கிரம் போவணும், அது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒத்தப் பொண்ணக் கடலத் தாண்டி அனுப்பிட்டு இருக்கறவளுக்கு அந்த ரெண்டு வெரலு சின்னதா? நீயே சொல்லு. உங்கம்மாவக் கேட்டுப் பாரு!

ஆனா பிரித்திகா கேக்கணுமே. பெர்த்துன்னு நான் வாயெடுத்தா, ‘அது ஒத்தையா கெடக்கற ஊரும்மா, எங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லம்மா’ன்னுவா. அதான் நான் பாத்தேன். இவங்கள வுட்டா அறுவது வயசு வரைக்கும் கட்டம் கட்டிக்கினே இருப்பாங்க, எங்க ஊரு அம்மன் கங்கம்மா கிட்ட சீட்டு போட்டுடலாம்னு சொன்னேன். எங்க பக்கம் அதான் வழக்கம். பொண்ணு பாக்கறதா இருந்தாலும் சரி, போர் போடறதா இருந்தாலும் சரி, பேரு எழுதி மடிச்சி அம்மன் காலடியில வெச்சி, ஒரு சின்னக் கொழந்தைய வுட்டு ஒண்ணு எடுக்கச் சொல்லுவோம். வந்துச்சின்னா அதோட முடிஞ்சிச்சி. அம்மன் வாக்கு, அப்பீலு கெடையாது. மாப்ளைக்கும் கட்டம் கட்டி சலிச்சிப் போச்சி போல, சரி அத்தைன்னுட்டாரு.

செவ்வாக்கெழம காலையில போனோம். அஞ்சு சீட்டு. பெர்த்து, அடிலெய்டு, பிரிஸ்பேனு, ஹோபார்ட்டு, அஞ்சாவது மெல்போன்லயே கெட. எழுத்து அழகா இருக்கும்னு நான்தான் எழுதினேன். கோயிலு பூசாரி பொண்ணு ரக்ஷிதா, நாலு வயசு, அதக் கூட்டியாந்து உக்கார வெச்சோம். எங்க வூட்டுக்காரரு ஒரு கையில போனப் புடிச்சிக்கினு நின்னாரு, அதுல பொண்ணும் மாப்ளையும் கன்னத்துல போட்டுக்கினு. நான் கண்ண மூடிக்கினு கும்புட்டுக்கினு இருந்தேன். கொழந்த எடுத்துச்சி. இவரு வாங்கிப் பிரிச்சாரு. ‘அடிலெய்டு’ன்னாரு.

போய்ட்டாங்க கண்ணு! ரெண்டே மாசத்துல மூட்டையக் கட்டிக்கினு போய்ட்டாங்க. இப்ப ஆறு மாசம் ஆச்சி. அதுல இருந்து எனக்குக் கேக்கறதெல்லாம் இன்னா? ‘அம்மா, இங்க வாடக எவ்ளோ கம்மி தெரியுமா. அம்மா, பின்னாடி தோட்டம் இருக்குதும்மா, கருவேப்பில வெச்சேன், கோங்கூரா கீர வெச்சேன். அம்மா, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடறேன். அம்மா, ஞாயித்துக்கெழமயில நாலு தெலுங்குக் குடும்பம், ரெண்டு தமிழ்க் குடும்பம் ஒண்ணா சமச்சித் துன்றோம்...’ மாப்ளைக்கு தொப்ப வந்துடுச்சி. எனக்கு வயிறு எரியுது.

இன்னா? நல்லாத்தான இருக்காங்க, அப்பறம் இன்னா கஷ்டமா?

...

இரு. இப்படி வா, கிட்ட வா. இவரு தூங்கறாரான்னு பாரு. மூக்குல வெரல வெச்சிப் பாக்காத, சும்மாப் பாரு. அசையலல்ல? இத நான் யாருக்கும் சொன்னதில்ல. எங்க தறிக்காரி சுந்தரிக்குக்கூடச் சொல்லல, அவகிட்ட சொன்னா புத்தூரு வரைக்கும் போயிடும். நீ இன்னிக்குப் பாத்தவ, நாளைக்கு ஆஸ்திரேலியா போயிடுவ. அதனால சொல்றேன்.

அந்த அஞ்சு சீட்டு இருக்குதே... அஞ்சுலயும் பெர்த்துதான் எழுதினேன்.

ஆமாம்! அஞ்சுலயும்! அப்படிப் பாக்காத. தப்புதான். பெத்த வயிறு... சரி, தப்புதான்டி! கொழந்த எத எடுத்தாலும் பெர்த்து வரணும்னுதான். ஆனா வந்தது இன்னா? அடிலெய்டு! மீதி நாலு சீட்ட அள்ளி ரவிக்கையில சொருவிக்கினு வூட்டுக்கு ஓடியாந்து, பாத்ரூம்ல தாப்பாளப் போட்டுக்கினு பிரிச்சேன். பெர்த்து, பெர்த்து, பெர்த்து, பெர்த்து. அப்ப அஞ்சாவது மட்டும் எப்படி மாறும்? நான் எழுதாத ஊரு எப்படி வரும்? அம்மனே எழுதிட்டா கண்ணு. ‘எங்கிட்டயே வேல காட்டறியாடி அம்சவேணி’ன்னு அழிச்சி எழுதிட்டா!

வெளிய சொல்ல முடியுமா? ‘அது அடிலெய்டு இல்ல’ன்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க இல்ல. மென்னு முழுங்கிக்கினு கெடக்கறேன் எட்டு மாசமா. அன்னில இருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு. மோட்டாரு எரிஞ்சிச்சி. கடவாப் பல்லு வீங்கிச்சி. போன மாசம் தெருவுல எல்லாருக்கும் கரண்டு இருக்குது, எங்க வூட்ல மட்டும் போச்சி! எல்லாம் அவ கோவம். கங்கம்மா ஏழுமலையானுக்குத் தங்கச்சியாச்சே, அண்ணங்காரன் கிட்ட போயி சொன்னா கொஞ்சம் சமாதானம் பண்ணி வெப்பாருன்னு, முடி காணிக்க குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். அதுக்குத்தான் இப்ப போறேன். இத பாரு, இடுப்பு வரைக்கும் இருக்குது. நெளிநெளியா. இந்த வயசுல யாருக்கு இருக்குது? நாளைக்கு இந்நேரம் சந்தனத்தப் பூசிக்கினு உக்காந்திருப்பேன்.

இவருகிட்ட, சும்மா ஒரு வேண்டுதல்யான்னு மட்டும் சொன்னேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. ‘நானும் வர்றேன், எனக்கும் ஏழுமலையான் கிட்ட ஒரு வேல இருக்குது’ன்னு வந்துட்டாரு. தங்கமான மனுஷன். கல்யாணம் ஆயி இருவத்தெட்டு வருஷத்துல எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல.

இன்னா கேட்ட?

அந்தச் சீட்ட நான் பாத்தனாவா? நான் எங்க பாக்கறது... நான்தான் கண்ண மூடிக்கினு இருந்தேனே. தொறக்கறதுக்குள்ள இவரு அத கற்பூரத் தட்டுல போட்டுட்டாரு. சாமி சீட்டு கால்ல மிதிபடக் கூடாதுன்னு சொல்லிக்கினே போட்டாரு. எரிஞ்சி போச்சி. இவருதான படிச்சாரு, இவரு படிச்சத...

...

இவருதான் படிச்சாரு.

இரு இரு... கொஞ்சம் இரு. அன்னிக்கு இவரு ‘அடி’ன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள அங்க போன்ல பிரித்திகா கைதட்டிட்டா. நான் சாமிக்குத்தான் தட்டறான்னு நெனச்சேன். அதுக்கு மொத நாளு ராத்திரி அப்பனும் பொண்ணும் மாடியில நின்னுக்கினு ஒரு மணி நேரம் பேசினாங்க. கீழ சிக்னலு இல்லன்னாரு. எங்க வூட்ல கீழதான் சிக்னலு!

ஏய், அந்தத் துண்டப் பாரு கண்ணு. ஆடுது! மூச்சு வுட்டா அப்படி ஆடுமா? தோளு குலுங்குது பாரு! யோவ்! யோவ், நாகபூஷணம்! எடுய்யா துண்ட! தூங்கல நீ? எப்பத்துல இருந்து தூங்கல? வேப்பகுண்டாவுல இருந்தா! கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கறியா? நான் எட்டு மாசமா அம்மன் வந்து அழிச்சி எழுதினான்னு நடுங்கிக்கினு கெடக்கறேன், நீ இன்னாடான்னா பெர்த்துன்னு இருக்கற சீட்டக் கையில வெச்சிக்கினு அடிலெய்டுன்னு படிச்சியா! அம்மன் முன்னாடி நின்னுக்கினு!

இன்னா சொல்ற? நீயும் பயந்துக்கினுதான் கெடந்தியா? அம்மன் குடுத்த வாக்க மாத்திப் படிச்சிட்டமேன்னு தூக்கமே இல்லையா? அதான் உனக்கும் ஏழுமலையான் கிட்ட வேல இருந்துச்சா... அம்மன் எங்கய்யா வாக்கு குடுத்தா? அஞ்சுலயும் நாந்தான வாக்கு குடுத்து வெச்சிருந்தேன். தேவுடா! நீ சிரி. நல்லா சிரி.

அப்ப பிரித்திகா அங்கதான் போவணும்னு ஆசப்பட்டிருக்கா. எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல கண்ணு? ஒரு வார்த்த. அம்மா, எனக்கு அடிலெய்டுதான் புடிச்சிருக்குதுன்னு. சொன்னா நான் வுட்டிருப்பனான்னு பாக்கறியா? ...வுட்டிருக்க மாட்டேன். அழுதிருப்பேன். சோறு துன்னாம படுத்திருப்பேன். பாவம், எங்கிட்ட சொல்ல பயந்துக்கினு அப்பன்கிட்ட போயிருக்கா. என் பொண்ணுக்கு நான் அவ்ளோ பயமாவா இருக்கறேன்? எனக்குக் கஷ்டமா இருக்குது கண்ணு, நெஜமா கஷ்டமா இருக்குது. நீயாவது உங்கம்மா கிட்ட நேரா சொல்லிடு. எந்த ஊருன்னு நீயே சொல்லு. அழுதா அழுவட்டும்.

எங்க எழுந்துட்ட? ரேணிகுண்டாதான வந்திருக்குது, திருப்பதின்னு சொன்ன? இங்க எறங்கி ஆட்டோல போறியா? எதுக்கு, இன்னும் கால் மணி நேரம்... இரு, பொரி உருண்ட ஒண்ணு... அடி, ஓடிட்டா. பொட்டிய இழுத்துக்கினு எப்படி ஓடுது பாரு. பாவம், நல்ல பொண்ணு.

நீ இன்னாய்யா இன்னும் சிரிச்சிக்கினு? எழுந்து ஒழுங்கா உக்காரு. வந்தது வந்துட்டோம், மலைக்குப் போயி வேண்டுதல முடிச்சிட்டே போயிடலாம். தரிசனம் பண்ணு, லட்டு வாங்கிக்கோ, ஒண்ணும் சொல்லல. ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோ. எங்க வூட்ல இருந்து ஒரு மொட்டன்னுதான்யா நான் வேண்டிக்கினேன். யார் தலைன்னு நான் சொல்லல.