திண்டிவனத்தில் ஒரு நிமிஷம் நிற்கும்

அமலா: ...அதெல்லாம் கெடக்கட்டும். நீங்க சாப்ட்டீங்களா, இல்லியா? அத மொதல்ல சொல்லுங்க.

சவுரிராயன்: இப்பதான் ஒல வெச்சிருக்கேன்.

அமலா: சாயந்திரம் நாலரைக்கா?

சவுரிராயன்: பொண்டாட்டி ஊட்ல இல்லன்னா மத்தியானச் சோறு நாலரைக்குத்தான். உனக்கின்னா, நீ விழுப்புரத்துல ஜாலியா இருக்கிற.

அமலா: ஜாலி! மூணு ராத்திரியா எங்க லேப்பு அப்ஸானா ஊட்டு ஹால்ல பாய் போட்டுப் படுத்துக்கினு இருக்கேன். விடியக்காலம் லேப்பத் தொறந்து, வெறும் வயித்துல வர்றவங்களுக்கு ரத்தம் எடுக்கணும். யாரால? ரயில நிறுத்திட்டு திண்டிவனத்துல ஊட்டோட ஒக்காந்துக்கினு இருக்கிற டிரைவரு மகராசனுங்களால.

சவுரிராயன்: அந்த மகராசனுங்கள்ல ஒருத்தன் உன் புருஷன்.

அமலா: அதத்தான் நானும் சொல்றேன். பாசஞ்சருக்குக் காத்துக்கினு நின்ன சனங்க உங்கள இன்னா திட்டு திட்டினாங்க தெரியுமா? நானும் கூட சேந்து ரெண்டு திட்டு திட்டினேன்.

சவுரிராயன்: நீயுமா!

அமலா: பின்ன? நான் மட்டும் வாய மூடிக்கினு நின்னா சந்தேகம் வந்துடும்ல.

சவுரிராயன்: நாங்க ரயில நிறுத்தல அமலா. ஓ.டி. பாக்க மாட்டோம்னு சொன்னோம். டூட்டி டைம் முடிஞ்சா எறங்கிடுவோம், ரெஸ்ட்டு நாள்ல கூப்ட்டா வர மாட்டோம். அவ்ளோதான். அதுக்கே பாதி ரயிலு நின்னு போச்சுன்னா, இத்தினி நாளா அந்தப் பாதி ரயிலு யாரு தூக்கத்துல ஓடிச்சு?

அமலா: எனக்குத் தெரியாதா? பாதி உங்க தூக்கம்... பாதி என் தூக்கம்.

சவுரிராயன்: இன்னா சொன்ன?

அமலா: காதுல வுழலியா?

சவுரிராயன்: கேட்டுக்கினுதான் இருக்கேன். இன்னொரு தபா சொல்லு.

அமலா: ஆசதான். ஆமா, இன்னா அது, அங்க மைக்குல யாரோ பேசற மாதிரி...

சவுரிராயன்: டி.வி. பக்கத்து ஊட்டு டி.வி.

அமலா: சின்னபொண்ணு அக்கா ஊட்டு டி.வி. தீவாளிக்கே புட்டுக்கிச்சே.

சவுரிராயன்: அந்தப் பக்கத்து ஊடு இல்ல, இந்தப் பக்கத்து ஊடு. அத விடு. நீ எங்க இருக்கிற?

அமலா: ஸ்டேஷன்லதான். விழுப்புரம் ஸ்டேஷன்ல. எப்பவும் ஒக்கார்ற பெஞ்சு, தண்ணிக் குழா பக்கத்துல.

சவுரிராயன்: தண்ணிக் குழா பக்கத்துலயா?

அமலா: ஆமா. ஏன்?

சவுரிராயன்: ஒண்ணுமில்ல... கூட யாரு ஒக்காந்துக்கினு இருக்காங்க?

அமலா: யாரோ ஒரு பொம்பள. கொழந்தைய மடியில போட்டுக்கினு.

சவுரிராயன்: கொழந்தையா? மல்லாட்டக் கடல விக்கிற ஆளு ஒருத்தரு இல்ல?

அமலா: இல்லியே. ஏன் கேக்கறீங்க?

சவுரிராயன்: சும்மாதான். எப்பவும் அங்க இருப்பாரு, அதான். சரி, ரயிலே இல்லாத ஸ்டேஷன்ல போயி எதுக்கு ஒக்காந்துக்கினு இருக்கிற? பஸ்ஸுக்குப் போறது.

அமலா: பஸ்ஸு! எல்லாம் மெட்ராஸ் பஸ்ஸு. "திண்டிவனம் டிக்கெட்டு ஏறாத, ஏறாத"ன்னு கண்டக்டரு படிக்கட்டுலயே நின்னு கத்தறான். திங்கக்கெழம அப்படித்தான் கெஞ்சிக் கூத்தாடி ஏறி, ஒத்தக் காலுல நின்னுக்கினே வந்து சேந்தேன். வந்து பாத்தா கதவக் கூடத் தாப்பா போடாம தூங்கிட்டீங்க.

சவுரிராயன்: எழுப்ப வேண்டியதுதான?

அமலா: எப்படி எழுப்பறது? நீங்க ராத்திரியில தூங்கி நான் பாத்தே எத்தினி நாளாச்சு... பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கினே இருந்தேன். அப்புறம் விடியறதுக்கு முன்ன திரும்பக் கெளம்பிட்டேன்.

சவுரிராயன்: நீ வந்ததே எனக்குத் தெரியாது. காலைல பாக்கறேன், தலகாணி பக்கத்துல கொஞ்சம் மல்லிப்பூ உதிந்து கெடக்குது. மோந்து பாத்துட்டு அப்படியே ஒக்காந்துட்டேன்.

அமலா: பெருக்கித் தள்ளிட்டீங்களா?

சவுரிராயன்: இல்ல. அப்படியேதான் கெடக்குது.

அமலா: ...அய்ய, நாலு நாளா ஊட்டப் பெருக்கவே இல்லியா?

சவுரிராயன்: நான் இன்னா சொல்றேன், நீ இன்னா சொல்ற!

அமலா: புரியுது மாமா. புரியுது.

சவுரிராயன்: அமலா... ஒண்ணு சொல்றேன், பயப்படக் கூடாது. போன மாசம், ரெஸ்ட்டு குடுக்காம திரும்பத் திரும்பக் கூப்ட்டாங்களே, அப்ப. முண்டியம்பாக்கம் தாண்டினதும் கண்ணத் தொறந்துக்கினே தூங்கிட்டேன். சிக்னலு கண்ணுக்குத் தெரியுது, பச்சையா மஞ்சளான்னு மனசுக்குப் போவல. சட்டுனு முழிப்பு வந்துச்சு பாரு, ஒடம்பெல்லாம் தொப்பலா நனஞ்சு போச்சு. ஹாரன அமுக்கினவன் வுடவே இல்ல. அதனாலதான் சங்கத்துல கேட்டதும் மொத ஆளா கையத் தூக்கினேன். அன்னிக்கு பின்னாடி லேடீஸ் பொட்டியில நீ இருந்த.

அமலா: இத ஏன் அப்பவே சொல்லல?

சவுரிராயன்: எப்ப சொல்றது? நீ வரும்போது நான் போவறேன், நான் வரும்போது நீ போவற. ரயிலும் ஒண்ணு, ஊடும் ஒண்ணு, பாத்துக்கதான் நேரமில்ல. நான் ஓட்டற அன்னிக்காவது ஒரு நாளு முன்னாடி வந்து எட்டிப் பாத்திருக்கியா? ஒரு கை காட்டியிருக்கியா? உனக்கு லேடீஸ் பொட்டி, உன் கூட்டாளிங்க, பூ கட்டறது, கத பேசறது...

அமலா: அத்தினி பேரு முன்னாடி வெக்கமா இருக்காதா?

சவுரிராயன்: வெக்கம்! ஆறு வருஷமா?

அமலா: சரி சரி. இன்னா கொழம்பு?

சவுரிராயன்: கருவாட்டுக் கொழம்பு. கத்திரிக்கா போட்டு, உனக்குப் புடிச்ச மாதிரி.

அமலா: கொதிக்குதா?

சவுரிராயன்: கொதிக்குது, கொதிக்குது. தெருவே மணக்குது.

அமலா: எனக்கு ஒண்ணும் வாசன வரலியே.

சவுரிராயன்: விழுப்புரத்துக்கு எப்படி வரும்?

அமலா: ...ஆமால்ல. கரண்டியால சட்டியத் தட்டுங்க. சத்தமாவது கேக்கட்டும்.

சவுரிராயன்: இரு... தட்டினேன். கேட்டுதா?

அமலா: கேட்டுது. இரும்பு பெஞ்சத் தட்டினாப்புல இருக்குது.

சவுரிராயன்: புதுக் கரண்டி.

அமலா: மாமா... நீங்க ஊட்லதான இருக்கறீங்க?

சவுரிராயன்: பின்ன எங்க இருப்பேன்? நீ ஸ்டேஷன்லதான இருக்கிற?

அமலா: பின்ன எங்க இருப்பேன்?

சவுரிராயன்: சரி.

அமலா: சரி.

சவுரிராயன்: அந்தக் கொழந்த அழுவலியா?

அமலா: எந்தக் கொழந்த?

சவுரிராயன்: பக்கத்துல, அந்தப் பொம்பள மடியில.

அமலா: ஆங்... அது தூங்குது. கொழந்தன்னதும் ஞாபகம் வருது. கிளியனூர்லேந்து உங்கம்மா போன் பண்ணிச்சு. "ஆறு வருஷமாச்சே, எதனா விசேஷம் உண்டா"ன்னு கேக்குது.

சவுரிராயன்: நீ இன்னா சொன்ன?

அமலா: உங்க புள்ள ராத்திரியில ரயிலுக்குத்தான் புருஷன், எனக்கில்லன்னு சொன்னேன்.

சவுரிராயன்: எங்கம்மா கிட்டயா!

அமலா: மனசுக்குள்ள சொன்னேன். வாயால "சொல்றேன் அத்த"ன்னு சொன்னேன்.

சவுரிராயன்: ...இன்னிக்கு ராத்திரியோட என் ரெஸ்ட்டு முடியுது அமலா. மேல பேச்சுவார்த்த நடந்துக்கினு இருக்குது. முடிஞ்சுதுன்னா மறுபடியும் எப்ப கூப்டுவாங்கன்னு சொல்ல முடியாது. இந்த ஒரு சாயந்திரம்தான் கையில இருக்குது.

அமலா: தெரியும். அதுக்குத்தான் அடிச்சுப் புடிச்சு லீவு வாங்கிக்கினு...

சவுரிராயன்: லீவா?

அமலா: கேட்டேன்னு சொன்னேன். குடுக்கல.

சவுரிராயன்: குடுத்தாலும் நீ எங்க வந்து சேர்றது. விக்கிரவாண்டி டோல்கேட்டுல வண்டி நவுறவே இல்ல.

அமலா: ஊட்ல ஒல வெச்சுக்கினு இருக்கிறவருக்கு டோல்கேட்டு எப்படித் தெரியும்?

சவுரிராயன்: நியூஸ்ல போட்டான்.

அமலா: ஆமா ஆமா, வைக்கோல் லாரி ஒண்ணு குறுக்கால நின்னுக்கினு, ஒரே பேஜாரு...

சவுரிராயன்: வைக்கோல் லாரின்னு உனக்கு எப்படித் தெரியும்?

அமலா: எனக்கா? எனக்கு...

சின்னபொண்ணு: இன்னா அமலா, வாசப்படியில ஒக்காந்துக்கினு போன் பேசற? சாவி இல்லியா? உங்க ஊட்டுக்காரு அப்பவே சோத்துத் தூக்குச் சட்டிய எடுத்துக்கினு விழுப்புரம் பஸ்ஸுக்குப் போனாரே! உனக்கு சோறு குடுக்கப் போறேன்னு சொன்னாரு...

சவுரிராயன்: யாரது?

அமலா: டி.வி.

சவுரிராயன்: சின்னபொண்ணு அக்கா ஊட்டு டி.வி.தான் தீவாளிக்கே புட்டுக்கிச்சே.

அமலா: மாமா... நீங்க எங்க இருக்கறீங்க?

சவுரிராயன்: தண்ணிக் குழா பக்கத்துல. உன் பெஞ்சுல. கூட மல்லாட்டக்காரரு ஒக்காந்துக்கினு இருக்காரு. கொழந்தையும் இல்ல, பொம்பளையும் இல்ல.

அமலா: அடப்பாவி மனுஷா!

சவுரிராயன்: லேப்புக்குப் போனா அப்ஸானா என்னப் பாத்து சிரிக்குது, "ஸ்டேஷன் பக்கம் போயிருக்கும்ணா"ன்னு சொல்லுது. நீ இங்க இருப்பேன்னு தேடறேன், தேடறேன்... நீ போன்ல இங்கயே இருக்கேன்னு சொல்ற!

அமலா: அதுக்கிட்ட யாருக்கும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். என் டூட்டிய அதுதான் பாக்குது. அவங்கம்மா உங்களுக்குன்னு பிரியாணி கட்டிக் குடுத்தாங்க. கதவத் தட்டி உங்க மூஞ்சியப் பாக்கலாம்னு வந்தா பூட்டு தொங்குது. கடைக்குப் போயிருப்பீங்கன்னு ஒக்காந்தேன்...

சவுரிராயன்: டோல்கேட்டுல எதிரும் புதிருமா நின்னிருக்கோம். நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்.

அமலா: சிரிக்காதீங்க. எனக்கு அழுகையா வருது.

சவுரிராயன்: அழுவாத. இரு, அங்கயே இரு, ஜல்தி பஸ்ஸப் புடிச்சு வந்துடறேன். ஏறாதன்னு சொன்னாலும் ஏறிடுவேன். தொங்கிக்கினாவது... இரு. இரு, இன்னொரு போனு வருது.

அமலா: யாரு?

சவுரிராயன்: டூட்டி ஆபீசு.

அமலா: எடுக்காதீங்க.

சவுரிராயன்: எடுக்கணும்மா. நீ வெச்சுடாத.

சின்னபொண்ணு: ஏன்டி, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?

அமலா: ரயிலு வுடப் போறாங்க போலருக்குதுக்கா.

சின்னபொண்ணு: நல்லதுதான? எங்க மருமவ நாலு நாளா பஸ்ஸுல நசுங்கிக்கினு போவுது.

அமலா: நல்லதுதான்க்கா... நல்லதுதான்.

சவுரிராயன்: அமலா? இருக்கிறியா?

அமலா: இருக்கேன்.

சவுரிராயன்: பேச்சுவார்த்த முடிஞ்சு போச்சு. ரெஸ்ட்டு நாள்ல கட்டாயப்படுத்த மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. மொத பாசஞ்சரு இங்கருந்துதான் கெளம்புது, தாம்பரத்துக்கு. ஆளு இல்ல. எங்க இருக்கிறன்னு கேட்டாங்க. பொய் சொல்ல வாயி வரல.

அமலா: எங்கிட்ட மட்டும் நல்லா வந்துச்சே!

சவுரிராயன்: என் ரெஸ்ட்டு இன்னும் பாக்கி இருக்குது. முடியாதுன்னு சொல்லலாம், எவனும் கேக்க முடியாது. நீ சொல்லு. நீ வான்னா வந்துடறேன்.

அமலா: ...பிளாட்பாரத்துல எத்தினி பேரு இருக்காங்க?

சவுரிராயன்: நெறைய. ரயிலு இருக்குதுன்னு மைக்குல சொன்னதும் எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. கட்டட வேலைக்குப் போவற சனம், காலேஜுப் பொண்ணுங்க... மல்லாட்டக்காரரு கூட கூடையத் தூக்கிட்டாரு.

அமலா: நீங்க நெசமா தூங்கினீங்களா? இந்த நாலு நாளும்?

சவுரிராயன்: ஆறு வருஷத்துத் தூக்கத்த சேத்துத் தூங்கினேன்.

அமலா: தல பாரமா இல்ல? கண்ணு எரியல?

சவுரிராயன்: இல்ல.

அமலா: அப்ப ஓட்டுங்க.

சவுரிராயன்: அமலா...

அமலா: வான்னு சொல்ல எனக்கு ஆச இல்லியா? வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். ஓட்டுங்க. இன்னா சட்ட போட்டுக்கினு இருக்கறீங்க?

சவுரிராயன்: நீலச் சட்ட. நீ எடுத்துக் குடுத்தது.

அமலா: ...ம்.

சவுரிராயன்: திண்டிவனத்துல ஒரு நிமிஷம் நிக்கும்.

அமலா: தெரியும்.

சவுரிராயன்: ஸ்டேஷனுக்கு வர்றியா? தூக்க ஜன்னல் வழியாக் குடுக்கறேன். கொழம்பு ஆறிப் போச்சு, ஆனா உப்பெல்லாம் சரியாத்தான் இருக்குது.

அமலா: வர்றேன். பிரியாணி நான் குடுக்கறேன். அப்படியே ஏறி மேல்மருவத்தூர் வரைக்கும் வர்றேன். அங்க எறங்கி பஸ்ஸுல திரும்பிடுவேன்.

சவுரிராயன்: எதுக்கு? என்னத்தான் பாக்க முடியாதே.

அமலா: பரவால்ல.

சவுரிராயன்: வெளையாடறியா? நிக்கறது ஒரு நிமிஷம். முன்னாடி வந்து தூக்க வாங்கிக்கினு, கடைசியில இருக்கிற லேடீஸ் பொட்டிக்கு ஓடி ஏறுவியா? விழுந்து கிழுந்து வெச்சா?

அமலா: நீங்க ஓட்டற அன்னிக்கு நான் என்னிக்கு மாமா லேடீஸ் பொட்டியில ஏறினேன்? மொதப் பொட்டியில உங்க டிரைவரு ரூமுக்கு அடுத்தாப்புல, நடுவுல ஒரு தகரம் மட்டும் இருக்குதே, அந்த சீட்டுதான்... ஆறு வருஷமா. முண்டியம்பாக்கத்துல ஹாரன வுடாம அமுக்கினீங்களே, அன்னிக்கும் அங்கதான் ஒக்காந்து அந்தத் தகரத்தப் புடிச்சுக்கினு இருந்தேன். சொன்னா திரும்பித் திரும்பிப் பாப்பீங்கன்னுதான் சொல்லல. இன்னிக்கும் திரும்பக் கூடாது... சிக்னலப் பாத்து ஓட்டுங்க. நான் பின்னாடிதான் இருப்பேன்.