முப்பத்தேழாம் காணிக் கோப்பு

என்னுடைய கையெழுத்து நல்லது, ஐயா. அதனால்தான் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். உங்களுடைய பொலிஸ்காரத் தம்பி கிறுக்குவதை நாளைக்கு நீதிமன்றத்தில் யார் வாசிப்பது?

பெயர் விமலேஸ்வரி. வயது ஐம்பத்திரண்டு. எங்கள் குடியேற்றத் திட்டத்தில் மாதர் சங்கச் செயலாளர், பத்து வருடத்துக்கு மேலாக. வீதி விளக்குக் கேட்பதும் என் கைதான், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் கடிதமும் என் கைதான். எதை எழுதினாலும் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். சந்தைச் சாமான் எழுதும் துண்டில்கூட இருக்கும். இந்தத் தாளிலும் போட்டிருக்கிறேன், பாருங்கள். நீங்கள் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் அந்த இரண்டு பிரதிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் காணி முப்பத்தெட்டாம் இலக்கம். கிணறு வெட்டினோம், சவர்த் தண்ணீர். தேத்தண்ணீருக்கு ஊற்றினால் பால் திரைந்துவிடும். பக்கத்து முப்பத்தேழு ஸ்ரெல்லாவின் அரை ஏக்கர். அவளுடைய கிணற்றில் இளநீர் மாதிரித் தண்ணீர். எட்டு வருடம் அங்கேதான் அள்ளினோம். ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை. அவளுக்குச் சாதகமான விஷயத்தையும் நான் மறைக்கப் போவதில்லை.

ஸ்ரெல்லா முல்லைத்தீவுக் கடற்கரை ஆள், கத்தோலிக்க வேதக்காரி. கடற்கரையில் இருந்த அவர்களுடைய வளவு இராணுவ முகாமின் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால் எங்கள் திட்டத்தில் காணி கொடுத்தார்கள். புருசன் மெல்ரொன் கடற்றொழில். கலியாணம் முடித்துப் பதினொரு மாதத்தில், 2009இல், கடைசிச் சண்டையில் காணாமல் போனான். அதே கிழமை செல் குண்டு விழுந்து அவளுடைய வலது கையில் மூன்று விரல் போயிற்று. பேனை பிடிக்க மாட்டாள். மரணச் சான்றிதழ் எடு, உதவி கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானே விண்ணப்பம் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள்.

"செத்ததை நான் காணேல்ல அக்கா. காணாததுக்கு எப்பிடி விரல் வைக்கிறது?"

அந்தப் பிடிவாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம், நான் இல்லை.

2019 கடைசியில் என் மகள் சுதாஜினியைப் பெண் பார்க்க விசுவமடுவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை நிரோஜன், தங்கமான பிள்ளை. வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மாப்பிள்ளையின் தாய் செம்பைக் கீழே வைக்காமல் குடித்துவிட்டு, இப்படித் தண்ணீர் உள்ள வளவைச் சீதனமாகக் கொடுத்தால் வேறொன்றும் கேட்கமாட்டோம் என்றார். அது பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் ஸ்ரெல்லாவின் காணி அனுமதி ரத்தானது. யாரோ மொட்டைப் பெட்டிசம் போட்டிருக்கிறார்கள் என்று கதை. காத்திருப்போர் பட்டியலில் இருந்து சுதாஜினிக்கு அந்தக் காணி கிடைத்தது. கூட்டுறவுச் சங்கக் கடைப் பரமலிங்கம் அந்த வீதிக் காணியைக் களஞ்சியத்துக்கு முன்பு ஒருமுறை கேட்டவர். ஊர் அவரைத்தான் சந்தேகப்பட்டது. நான்கு மாதம் ஒரு சனமும் அவருடைய கடைக்குப் போகவில்லை. நானும் போகவில்லை.

என்னையும் இரண்டொருவர் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஸ்ரெல்லாவுக்கு என் வளவிலேயே ஒரு தகரக் கொட்டில் போட்டுக் கொடுத்தேன். அதோடு அந்தப் பார்வை நின்றது.

இப்படியே போயிருந்தால் ஒருவருக்கும் ஒரு கேடும் இல்லை. ஆனால் 2021 தொடக்கத்தில் சங்கக் கூட்டத்துக்கு ஒரு தம்பி வந்து தகவல் அறியும் உரிமையைப் பற்றி வகுப்பு எடுத்தார். அரசாங்கக் கந்தோரில் உள்ள கோப்பை யாரும் கேட்டு வாங்கலாம், இல்லையென்றால் காரணம் சொல்ல வேண்டும், மேன்முறையீடு இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். பின்வரிசையில் ஸ்ரெல்லா எழும்பினாள்.

"அப்ப என்ர காணிக் கோப்பைக் கேக்கலாமோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊரின் பேனை நான்தானே. மறுத்தால் என்ன நினைப்பார்கள்? அங்கேயே, அந்த மேசையிலேயே எழுதினேன். முப்பத்தேழாம் இலக்கக் காணியின் ஒதுக்கீட்டுப் பதிவு, ரத்துச் செய்த கட்டளை, அதற்கு ஆதாரமான ஆவணங்கள் அனைத்தினதும் பிரதி. ஸ்ரெல்லா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"வேதக்காரியின்ர பேப்பருக்கும் பிள்ளையாரைப் போட்டிட்டீங்கள் அக்கா."

"எல்லாச் சாமியும் ஒண்டுதான். பேசாமல் விரலை வை," என்றேன்.

நான் பயப்படவில்லை. பெயரில்லாத பெட்டிசத்தை வாசித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பேரும் ஊரும் இல்லாத ஒரு தாளுக்கு இலக்கம் போட்டுக் கோப்பில் கோத்து வைப்பார்கள் என்று யார் கண்டது?

மூன்றாம் கிழமை பதில் தயார் என்று அறிவித்தார்கள். இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். தகவல் பிரிவில் இருந்த பிள்ளை நிசாந்தினி பதினான்கு பக்கத்தை எண்ணித் தந்தது. வெளியில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து புரட்டினோம். ஒன்பதாம் பக்கத்தில் பெட்டிசம்.

ஆம், ஐயா. அது நான் எழுதியது. "ஸ்ரெல்லாவின் கணவர் மெல்ரொன் இறக்கவோ காணாமல் போகவோ இல்லை. இந்தியாவில் இராமேஸ்வரம் பக்கம் வேறு குடும்பத்துடன் இருப்பதை நாங்கள் நேரில் கண்டோம். பெண் தலைமைக் குடும்பம் என்று பொய் சொல்லிக் காணி பெற்றிருக்கிறார்." கீழே "இப்படிக்கு, கடற்கரைப் பங்கு மக்கள்" என்று போட்டிருந்தேன். அவளுடைய தேவாலயப் பங்கு ஆட்களே எழுதியது போல இருக்கட்டும் என்று.

அவள் எழுத்துக்கூட்டி மெல்ல வாசித்தாள். என் எழுத்தைக் கண்டுபிடித்தால் சொல்வதற்கு நான்கு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு வரியில் விரலில்லாத அந்தக் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, இதை எழுதின ஆள் அவரைக் கண்டிருக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மனம் கேட்கவில்லை.

"உது பொய், பிள்ளை. ஆரோ உன்ர காணிக்கு ஆசைப்பட்டு எழுதியிருக்கினம்."

"காணிக்கு ஆசைப்பட்ட ஆக்கள் என்னை எல்லோ பழிப்பினம். அவர் இராமேஸ்வரத்தில எண்டு இடம் சொல்ல ஏலுமோ? பன்ரெண்டு வரியமா ஒருத்தரும் எனக்கு ஒரு இடம் சொல்லேல்ல அக்கா."

அந்தத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். கவனியுங்கள், அன்று நான் அவளிடம் உண்மையைத்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

அன்றிலிருந்து காணிக் கதை அவள் வாயில் வரவில்லை. இரண்டாவது விண்ணப்பம் போடச் சொன்னாள்: பெட்டிசம் வந்த கடித உறையின் பிரதி வேண்டும். அதையும் நான்தான் எழுதினேன். உறையும் வந்தது. மல்லாவித் தபால் முத்திரை. அது ஊர் முத்திரையாக இருக்கக் கூடாது என்று நான் பஸ் ஏறிப் போய்ப் போட்டது. ஸ்ரெல்லா ஒவ்வொரு சந்தை நாளும் மெல்ரொனின் படத்தோடு மல்லாவிக்குப் போகத் தொடங்கினாள். மீன் விற்கிறவர்கள், பஸ் கொண்டக்டர், தேத்தண்ணீர்க் கடை என்று ஒருவரையும் விடவில்லை. பெட்டிசம் போட்டவரைக் கண்டால் காலில் விழுந்து கும்பிடுவேன் என்று ஊரெல்லாம் சொன்னாள்.

அதுவரைக்கும் சரி. பிறகு எழுத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பிரதியைக் கொண்டு முதலில் பங்குச் சுவாமியாரிடம் போனாள், அடுத்தது பள்ளிக்கூடம் என்றாள். எங்கள் ஊரில் என் எழுத்தைத் தெரியாத வாத்தியார் இல்லை. அவளுடைய கண்ணை எழுத்திலிருந்து திருப்ப வேண்டியிருந்தது.

மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போன சனத்தோடு நானும் போய், மன்னாரில் ஒரு கடிதம் போட்டேன். இடது கையால், அச்செழுத்துப் போல. "உங்கள் கணவரைக் கண்டவன் நான்தான். என்னைத் தேட வேண்டாம். அவர் நலம். பழையது பாதி நினைவில்லை. இடது புருவத்தில் தழும்பு இருக்கிறது." தழும்பைப் பற்றி அவளே ஒரு பின்னேரம் அரிசி புடைத்துக்கொண்டு எனக்குச் சொன்னது. கடிதம் கிடைத்த அன்று அவள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவ்வளவு சந்தோசமாக நான் அவளைக் கண்டதில்லை. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், அந்தச் சந்தோசத்தை வேறு யார் அவளுக்குக் கொடுத்தார்கள்?

அந்த வருடக் கடைசியில் முப்பத்தேழில் வீடு எழும்பிச் சுதாஜினிக்குக் கலியாணம் நடந்தது. குசினியில் முழு நாளும் நின்று சமைத்தது ஸ்ரெல்லா.

எல்லாவற்றையும் குழப்பியது அந்த நிசாந்தினிப் பிள்ளைதான். உறையின் பிரதி வாங்கப் போன நாளே, மொட்டைப் பெட்டிசத்தை வைத்து விசாரணை இல்லாமல் அனுமதியை ரத்துச் செய்தது பிழை, மேன்முறையீடு செய்யுங்கோ, காணி திரும்பக் கிடைக்கும் என்று அவளிடம் சொன்னது. நான் பக்கத்தில் நின்றேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. ஸ்ரெல்லாவுக்குக் கொட்டிலில் நிலையான விலாசம் இல்லாததால் என் விலாசத்தைப் போட்டோம்.

2022 சித்திரையில் பதிவுத் தபால் வந்தது. கையெழுத்து வைத்து நான்தான் வாங்கினேன். முப்பத்தேழாம் காணி அவளுக்கே உரியது என்று முடிவெடுக்க இடமுண்டு, வைகாசி இருபதாம் திகதி விசாரணைக்கு நேரில் வரவும், வராவிட்டால் கோப்பு மூடப்படும். சுதாஜினி அப்போது நான்கு மாதம். அவள் அந்தக் கிணற்றடியில் நின்று முழுகுவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டே கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தேன்.

அது எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம். மன்னாரிலிருந்து சனம் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போகிறது என்று தினமும் செய்தி. அந்தக் கிழமையே அவளுக்கு இன்னொரு கடிதம் போட்டேன். "அவருக்கு நெஞ்சு வருத்தம், படுத்த படுக்கை. உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். தாமதிக்க வேண்டாம்." போ என்று நான் எழுதவில்லை. வள்ளம் என்ற சொல்லே அதில் கிடையாது.

வைகாசி பதினொராம் திகதி காலை ஒரு பையோடு வந்து நின்றாள். கொட்டில் திறப்பைத் தந்தாள்.

"அவரைக் கூட்டிக்கொண்டு வந்தால் கிணத்தடியில ஒரு கொட்டில் போட விடுவீங்களோ அக்கா?"

"ஓம், அதுக்கென்ன," என்றேன்.

அவள் மன்னாரில் ஏறிய வள்ளம் எந்தக் கரைக்கும் போகவில்லை. இருபதாம் திகதிக் குறிப்பில் "விண்ணப்பதாரி சமுகமளிக்கவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். பேரப்பிள்ளை புரட்டாதியில் பிறந்தான். நல்ல தண்ணீரில் வளர்கிறான்.

அவளுக்கு ஒரு தமையன் இருக்கிறார், மரியநாயகம். கடற்றொழில், அதிகம் பேசாத மனிசன். இரண்டு வருடம் தங்கச்சியை ஒவ்வொரு கரையாகத் தேடிவிட்டு, கடைசியில் அவரும் அதே படிவத்தைத்தான் நிரப்பினார். முப்பத்தேழாம் காணிக் கோப்பு, முழுவதும். இந்த முறை முப்பத்தொரு பக்கம் வந்தது. ஸ்ரெல்லா கேட்டுப் போட்ட விண்ணப்பங்களும் அதற்குள்ளேயே கோக்கப்பட்டிருந்தன. நான் யோசிக்காதது அது ஒன்றுதான். பெட்டிசமும், பெட்டிசத்தைத் தேடிய விண்ணப்பமும் ஒரே நூலில்.

போன கிழமை வந்து என் கதிரையில் உட்கார்ந்து, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நீங்கள் இப்போது வைத்திருப்பது மாதிரியே.

"என்ர தங்கச்சியின்ர பேப்பருக்கு ஆர் பிள்ளையார் சுழி போட்டது?"

"நான்தான். நான்தானே எழுதிக் குடுத்தது."

"எங்கட பங்குச்சனம் சிலுவை போட்டுத்தான் எழுதும், செயலாளரம்மா. அப்ப இந்தப் பெட்டிசத்துக்கு ஆர் போட்டது?"

நான் தேத்தண்ணீர் போடட்டுமா என்று கேட்டேன். அவர் மூன்றாவதாக ஒரு தாளை எடுத்து வைத்தார். விசாரணைக் கடிதத்தைத் தபாற்காரரிடம் வாங்கியபோது நான் வைத்த கையெழுத்து.

"காணியை வைச்சிருங்கோ," என்றார். "அவள் எங்க போனவள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது, பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். பிறகுதான் அவர் உங்களிடம் வந்தார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், ஐயா. பெட்டிசம் என்னுடையது. கடிதங்கள் என்னுடையவை. விசாரணைத் திகதியில் அவள் ஊரில் இருக்கக் கூடாது என்று நினைத்துத்தான் கடைசிக் கடிதத்தை எழுதினேன். ஆனால் நான் கெட்டவள் இல்லை. ஊரில் கேட்டுப் பாருங்கள். ஸ்ரெல்லாவுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னபோது மரியநாயகத்தார் மாட்டேன் என்றுவிட்டாராம். செத்ததைக் காணாமல் எப்படிக் கைவைப்பது என்று கேட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அந்த மனிசனை அப்படியே விட்டுவிட முடியுமா?

அதனால் நேற்று, நீங்கள் ஆள் அனுப்பிய பிறகு, முதல் பஸ்ஸில் மல்லாவிக்குப் போய் அவருக்கு ஒரு கடிதம் போட்டேன். ஸ்ரெல்லாவும் மெல்ரொனும் இராமேஸ்வரம் பக்கம் சுகமாக இருக்கிறார்கள், கண்ணால் கண்டவர் எழுதுகிறேன் என்று. நாளைக்குக் கிடைத்துவிடும், தயவுசெய்து தடுக்க வேண்டாம்.

இந்த முறை கவனமாகத் தலையில் சிலுவைதான் போட்டேன்.