ரெண்டு பையிலயும் ஆகாது

— கொப்பரை ஆகாதுன்னா ஆகாதுங்கம்மா. கைப்பையிலயும் ஆகாது, நாங்க எடை போட்டு வாங்கற பெரிய பையிலயும் ஆகாது. எண்ணெய்ப் பண்டம், தீப்புடிக்குங்க.

— நல்லாருக்குது போ கண்ணு! எங்கூட்டு மரத்துக் காயி. ஆறு மாசமா அட்டாலிப் பரண்மேல கெடந்துச்சு, அங்கெல்லாம் புடிக்காத தீ உன்ற ஏரோப்ளேன்ல போயித்தான் புடிக்குதா?

— வசந்தா, எடுத்து வெச்சிரு. அந்தப் புள்ளகிட்ட எதுக்கு மல்லுக்கட்டறே?

— நீங்க சும்மா இருங்க. நம்ம கௌசிக்குக்குக் கொப்பரைன்னா உசுரு. காலொடஞ்சு ஐதராபாத்து ஆஸ்பத்திரியில கெடக்கறான், கடிச்சிட்டிருக்கட்டும்னு கொண்டாந்தேன். ஏங் கண்ணு, நெய்யாச்சும் போகுமா?

— கைப்பையில ஆகாதுங்கம்மா. மூடியை இறுக்கிக் கட்டிப் பெரிய பையில போட்டுருங்க. அப்புறம்... பையத் தொறந்ததும் கற்பூர வாசம் அடிக்குதுங்களே?

— அது முனியப்பனுக்கு. சீலைக்குள்ள தீப்பொட்டியும் இருக்குது. புள்ள எந்திரிச்சு நடந்தா அங்கயே பத்த வெக்கறேன்னு வேண்டியிருக்கறேன்.

— ரெண்டும் ஆகவே ஆகாதுங்கம்மா. சாமி காரியம்னாலும் எங்களால உட முடியாது.

— அடக் கெரகமே! என்னதான் ஆகும் உங்களுக்கு?

— வசந்தா, நீ போயி அந்தக் குழாயில மூஞ்சியக் கழுவிட்டு வா. நேத்திருந்து பச்சத் தண்ணி குடிக்கல. நான் எடுத்து வெக்கறேன். போ, போ.

— போறேன். அந்த மஞ்சத்துணி முடிச்ச மட்டும் தொடாதீங்க. ஆமா, சொல்லிப்போட்டேன்.

— போயிட்டாளா? அம்முணி, உம் பேரென்ன சாமி?

— எம் பேரு சரிதாங்கய்யா. இங்கதான், கொண்டப்பநாயக்கன்பட்டி.

— சரிதா, அவ என்ன பேசினாலும் பொறுத்துக்க. பையன் இல்ல. நேத்து சாயங்காலமே போயிட்டான். போர் போடற ரிக் வண்டியில வேலை. வண்டி கவுந்துருச்சு. அவகிட்டக் காலு ஒடஞ்சுதுன்னுதான் சொல்லியிருக்கறேன்.

— ஐயோ... என்னங்கய்யா இது!

— ஒடம்பு இருக்கற நெலமைக்கு ஊருக்குக் கொண்டாற முடியாதாம், அங்கயே எரிக்கோணுமாம். மொகத்துக்கு ஒண்ணும் ஆகலியாம் சாமி. பெத்தவ ஒருக்காப் பாக்கோணுமில்ல? இங்கயே சொன்னன்னா உழுந்துருவா. உழுந்தவள நீங்க ஏத்துவீங்களா? அதுக்குத்தான் இந்தப் பொய்யி. ஊர்ல பஸ் ஏறுனதுல இருந்து சிரிச்சுட்டே வாரேன். முடியல அம்முணி.

— நான் ஒண்ணும் காட்டிக்க மாட்டேங்கய்யா. நீங்க அழுவாதீங்க, அம்மா பாத்துரப் போறாங்க.

— இரு, போனு அடிக்குது. தண்டாயுதபாணி, பையங்கூட வேலை செய்யறவன். எரிக்கற எடத்துல எத்தனை மணின்னு கேட்டிருந்தேன். வெளிய போயிப் பேசிட்டு வாரேன். அவ வந்தா ஏதாச்சும் பேச்சுக் குடு சாமி.

— எங்க கண்ணு அவரு?

— போன் வந்துச்சுங்கம்மா, வெளிய பேசிட்டிருக்காரு. கொப்பரை, கற்பூரம், தீப்பெட்டி மூணும் எடுத்தாச்சு. நெய் உள்ள வெச்சுட்டேன்.

— போனாப் போகுது. கற்பூரம் அங்க கடையில விக்காமயா இருக்கும்?

— இந்த மஞ்சத்துணியில என்னங்கம்மா? கேக்க வேண்டியது என் வேலை, கோவிச்சுக்காதீங்க.

— பச்சரிசி. இதுக்கும் ஏதாச்சும் சட்டம் வெச்சிருக்கறீங்களா?

— இல்லீங்கம்மா. அரிசி எந்தப் பையிலயும் தாராளமாப் போலாம். பெரிய பையில போட்டுறட்டுங்களா?

— வேண்டாங் கண்ணு. அந்தப் பை எங்காச்சும் தப்பிப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? மடியிலயே வெச்சுக்கறேன். எங்க வயல்ல வெளஞ்சது. தை மாசம் லீவுல வந்தப்ப அவனே நின்னு அறுத்த நெல்லு.

— ரெண்டு கை அரிசி கூட இருக்காது போலிருக்கே. ஒரு நேரக் கஞ்சிக்குப் பத்தாதுங்களே அம்மா?

— பத்தும். கண்ணு, அவரு வாறதுக்குள்ள ஒண்ணு சொல்றேன். அவருகிட்டச் சொல்லிராத.

— சொல்லுங்கம்மா.

— காலு மட்டும் ஒடஞ்சவன் பெத்தவகிட்டப் போன்ல ஒரு வார்த்தை பேச மாட்டானா? அவரு எனக்காவச் சிரிக்கறாரு, சிரிச்சுட்டே வரட்டும், நான் கேக்க மாட்டேன். ஆனா என்ற பையனுக்கு ஊரான் அரிசிய வாய்க்கரிசி போட எனக்கு மனசு வரல சாமி.