ஹாரன் அடிக்காத கோடை

மலர்வளையத்துக்குப் பின்னால் பாதி மறைந்து அமர்ந்திருக்கும் மேயர் டுவேன் பிரூட் அவர்களே, நகர மன்ற உறுப்பினர்களே, பாதிரியார் அவர்களே, காப்பி ஆறுவதற்குள் வந்து சேர்ந்துவிட்ட டெல்வின் ஊர்ப் பெருமக்களே, வணக்கம்! நான் வெர்னா ஹோல்ஷர். மறைந்த நம் பேண்டு மாஸ்டர் எல்மர் ட்வெட் அசைக்கும் கோலைப் பார்த்தே கிளாரினெட் வாசித்துக் கிழவியானவள்.

நம் பேண்டு எப்படிப் பிறந்தது? வெண்ணெய் ஆலையில் வேலை முடித்தவர்களும் கொல்லரும் கூடி ஊதியதில் பிறந்தது. ஆண்கள் போருக்குப் போனபோது என் அம்மா டிராம்போனைத் தூக்கினார். பேண்டு நின்றதா? நிற்கவில்லை! ஒருமுறை ஆலங்கட்டி மழையில் நீங்கள் கார்களுக்குள் சுகமாக உட்கார்ந்திருந்தீர்கள். கூரை ஒழுகும் மேடையில் எல்மர் கத்தினார்: "நனையறது நாமதான், பாட்டு இல்ல. வாசிங்கப்பா!"

வியாழக்கிழமை மாலையில் பூங்காவைச் சுற்றிக் காரை நிறுத்திக் கேட்பதும், பாட்டு முடிந்ததும் கைதட்டுக்குப் பதில் ஹாரன் அடிப்பதும் நம் பாட்டன் காலத்து வழக்கம். போன கோடையில் பூங்காவோரப் புது வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். உடனே நகர மன்றம் ஹாரனுக்குத் தடை போட்டது. நாங்கள் முதல் பாட்டை வாசித்து முடித்தோம். ஒரு சத்தமில்லை. எல்மர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன வெர்னா, எல்லாரும் காருக்குள்ளயே செத்துட்டாங்களா?"

கோடை முழுக்க அப்படித்தான். அபராதத்துக்குப் பயந்து கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். இலையுதிர் காலத்தில் இதே மன்றம் என்ன தீர்மானம் போட்டது? 'மக்களிடம் வரவேற்பு இல்லை, பேண்டு கலைக்கப்படுகிறது!' வாயைப் பொத்திவிட்டு, பேசவில்லை என்று குற்றம் சாட்டினார்கள். தூ!

மேயர் எல்மரின் தோளில் கை போட்டுச் சொன்னார்: "காலம் மாறிப்போச்சு எல்மர். ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்."

"உன் கல்யாணத்துலயும் மாப்பிள்ளைக்குப் பதிலா ஸ்பீக்கரை நிக்க வச்சிருக்கலாம் டுவேன். அந்தப் பொண்ணு தப்பிச்சிருப்பா."

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தீர்கள், பிறகு வீட்டுக்குப் போனீர்கள். அவர் வசந்தம்வரைகூட இருக்கவில்லை. இன்று அதே கைகள் மலர்வளையம் வைக்கின்றன. பார்க்கவே குமட்டுகிறது எனக்கு. மேயரைப் பார்த்து மட்டுமல்ல, உங்களைப் பார்த்தும்தான்!

எல்மர் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: வரும் கோடையின் முதல் வியாழனன்று நாங்கள் மேடையேறுவோம். அனுமதி கேட்கமாட்டோம். அபராதம் எழுத வேண்டிய போலீஸ்காரர்தான் எங்கள் டிரம்ஸ்காரர். அன்று அவர் இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கும்.

அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று மேயர் அறிவித்திருக்கிறார். மௌனமா! ஒரு கோடை முழுக்க எல்மருக்கு அதைத்தானே கொடுத்தோம்? எழுந்திருங்கள். கார்களுக்குப் போவோம்.