திரும்பியிருந்த கட்டை

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுகிறேன். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சுகிறேன். ஒரு டம்ளர் காபி போதும். மீதிப் பாலை உறை ஊற்றிவிடுகிறேன். தொட்டி நிரம்பும்வரை கம்ப்யூட்டரில் என் மனைவியின் மண்டபத்துக்குள் போய்த் தரையைப் பார்க்கிறேன். கட்டை ஏதாவது திரும்பியிருந்தால் சரிசெய்கிறேன். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டுக் குளித்து, வேலைக்குப் போகிறேன்.

மண்டபம் என்றது ஒரு வீடியோ கேமுக்குள் இருப்பது. அதில் சண்டை இல்லை, ஜெயிப்பது தோற்பது இல்லை. வெட்டவெளி ஒன்றைக் கொடுப்பார்கள். கட்டைகளை அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். ஜெயப்பிரியா கட்டிக்கொண்டிருந்தாள். மேனாம்பேட்டில் எங்கள் வாடகை வீட்டிலிருந்தே அவள் ஒரு ஐடி கம்பெனிக்கு வேலை பார்த்தாள். சிறுவயதில் வலிப்பு வந்தவள் என்பதால் தனியாக வெளியே அதிகம் போக மாட்டாள். மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள், கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறைகூட வந்ததில்லை. அவள் போய்வந்த வெளியூர் அந்த விளையாட்டுதான். ஆவடியில் இருக்கும் கல்லூரித் தோழி சபீனாவும் அதே வெளிக்குள் வருவாள். இருவரும் கட்டியபடியே போனில் பேசிச் சிரிப்பார்கள். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா கெங்கம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இம்மாம் பெரிய மண்டபத்த சும்மாவா போட்டு வச்சிக்கினு கீற? என் கைல குடு, கல்யாணத்துக்கு வாடகைக்கு உட்டுத் தரேன்" என்றார். ஜெயப்பிரியா வெகுநேரம் சிரித்தாள்.

தரைக்கு அவள் பூ வேலைக் கட்டைகளைப் போட்டாள். பளபளப்பான மண்கட்டைகள், ஒவ்வொன்றிலும் கோலத்தின் கால் பாகம்தான் இருக்கும். நான்கு சரியாகச் சேர்ந்தால் ஒரு பூ. எந்தத் திசை பார்த்து நின்று வைக்கிறோமோ அதற்கேற்பக் கோலம் திரும்பும். வைத்தபின் திருப்ப முடியாது. உடைத்துவிட்டு, சரியான பக்கம் போய் நின்று மறுபடி வைக்க வேண்டும்.

அவ்வளவு பெரிய தரையில் ஒரே ஒரு கட்டை திரும்பியிருந்தது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்பவன். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். சொன்னேன். "அது இருக்கட்டும், விடுங்க" என்றாள். அவள் துணி காயப்போட மாடிக்குப் போனபோது நானே சரிசெய்தேன்.

வந்து பார்த்தவள், நான் மாற்றினேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. சரியாக இருப்பதை எடுத்தால்தான் மாற்றியது ஆகும்.

அவள் மறுபடி திருப்பி வைத்தாள். நான் மறுபடி சரிசெய்தேன். சபீனாவைக் கேட்டாள். தன்மேல் சந்தேகமா என்று சபீனா கோபித்துக்கொண்டாள். வார்த்தை தடித்து, போன் வருவது நின்றது. அன்று சாயங்காலம் ஜெயப்பிரியா, "நான்தான் வச்சதா நினைச்சுக்கிறேன் போல" என்றாள். இந்த மாத்திரைகள் ஞாபகத்தைக் கொஞ்சம் மழுக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அன்போடுதான் அதைச் சொன்னேன்.

அதன்பின் வீட்டில் அமைதி வந்தது. கேஸை மூடினேனா, குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று என்னைக் கேட்டுக்கொண்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவள் அதிகம் கேட்காத வாரங்களில் பீரோ சாவியை எடுத்து நானே இடம் மாற்றி வைத்ததுண்டு. தேடிக் களைத்ததும் எடுத்துக் கொடுப்பேன். அப்போது அவள் என்னைப் பார்க்கும் பார்வை, கல்யாணமான புதிதில்கூட எனக்குக் கிடைத்ததில்லை. "இந்தக் காலத்துல எந்த ஆம்பள பொண்டாட்டிய இப்டிப் பாத்துக்குறான், நைனா" என்றார் கெங்கம்மாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனி மாதம் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தான் இல்லாதபோது கட்டை திரும்புகிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டர் திரையைப் பதிவு செய்து வைக்கப்போவதாகச் சொன்னாள். "எனக்குப் பைத்தியமா இல்லையான்னு தெரிஞ்சிடும்ல" என்று லேசாகச் சிரித்தாள். நல்ல யோசனை என்றேன்.

மறுநாள் காலை மாத்திரை அட்டையோடு வந்து நின்றாள். ஆபீஸ் வேலை மும்முரத்தில் இரண்டு நாளாகப் போடவில்லை என்று தோன்றுகிறதாம். "அட்டைல அப்படியே இருக்கு பாருங்க." பார்த்தேன். அப்படியே இருந்தது. அவள் சொன்னதுதான் சரி. ஆனால் இதில் அவள் சரி என்றால் மற்ற எல்லாவற்றிலும் சரியாக இருந்திருப்பாள் என்று ஆகிவிடும்.

"போட்டியே. நான்தானே தண்ணி எடுத்துக் குடுத்தேன். இன்னைக்கும் இப்பத்தான் போட்ட. இது வேற அட்டை" என்றேன்.

அவள் குளிக்கப் போனாள். கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்திவிட்டு நான் மண்டபத்துத் தரைக்கு வந்தேன். குளியலறைக்குள் வாளி உருளும் சத்தம் கேட்டது. கையிலிருந்த கட்டையை வைத்துவிட்டு எழுந்தேன். கதவு தாழிட்டிருந்தது; உடைக்க நேரமாயிற்று. வலிப்பில் விழுந்து தலை சுவரில் மோதியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டார். அவளுக்குக் கொஞ்ச நாளாகவே மறதி என்றேன். அருகில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

சாவுக்கு வந்த சபீனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அந்தக் கட்டைய அவ வேணும்னேதான் திருப்பி வைப்பாண்ணா. கட்டுற வீட்டுக்குப் பொம்மை கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி திருஷ்டிக்கு. உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல." தெரியும் என்றேன். தெரியாது. தெரிந்திருந்தாலும் அது தவறாக வைத்த கட்டைதான்.

இப்போது அவள் நினைவாக சபீனா வந்து அந்தக் கட்டையைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறாள். போன வாரம் போன் செய்து, நான் ஏதாவது மாற்றுகிறேனா என்று கேட்டாள். கம்ப்யூட்டரைத் திறந்தே மாதக்கணக்காகிறது என்றேன். ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று விசாரித்தேன்.

ஜெயப்பிரியா கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவள் அம்மா நாகம்மாளிடம், "அம்மா" என்று கூப்பிட்டதாகச் சொன்னேன். சபீனாவிடம், உன்னோடு பேச வேண்டும் என்றாள் என்று சொன்னேன். அவரவருக்கு எது ஆறுதலோ அது. உண்மையில் அவள் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளியலறை வாசலில் நின்று, அட்டையை என் கையில் கொடுத்தாள். எங்களுக்குள் கடைசிவரை நம்பிக்கை இருந்தது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.