மருதாத்தாளின் கைகள்

கல்யாண ஆல்பம் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், சார். எடுத்த எடுப்பில் முகத்தை வெளுக்கப் போய்விடுவார்கள். முதலில் நிறம் மாறாதபடி ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்ய வேண்டும், பிறகு வெளிச்சம், தோல் கடைசியில். கேமரா பதிந்தபடியே வைத்திருக்கிற ரா ஃபைலில் வசதி என்னவென்றால், நாம் என்ன செய்தாலும் மூலப்படம் அப்படியே கிடக்கும். இருபது வருடமாக முதலமடையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இந்தத் தங்கதுரை கைபட்ட படத்தில் ஒரு பரு இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

மருதாத்தாளை அவள் மகள் ஜீவிதா ஸ்கூட்டரில் அழைத்து வந்தாள். மாந்தோப்பில் பூச்சிமருந்தடிக்கிற வேலை மருதாத்தாளுக்கு. இரண்டு கைகளும் முழங்கை வரை வெடித்துச் சீழ் கோத்திருந்தன.

"பெரியாஸ்பத்திரிக்குப் போட்டோ அனுப்போணுமுங்கண்ணா. அதப் பாத்துத்தான் அட்மிட் பண்ணுவாங்களாமா. போன்ல எடுத்தா கலரு மாறுது, ஸ்டுடியோல எடுங்கன்னு நர்சு சொன்னாங்க" என்றாள் ஜீவிதா.

எனக்கு அருவருப்பாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? மணப்பெண்கள் நிற்கிற நீலத் திரையைத் தொட வேண்டாமென்று மருதாத்தாளிடம் இரண்டு முறை சொன்னேன். அவர்கள் போனதும் நாற்காலியைப் பினாயில் விட்டுத் துடைத்தேன். வாடை போகவில்லை.

கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினேன். சிவப்பைக் குறைத்தேன். மஞ்சளை இறக்கினேன். ஹீலிங் பிரஷால் ஒவ்வொரு புண்ணாக மூடினேன். எல்லாவற்றையும் அழித்தால் பொம்மைக் கையாகிவிடும், ஒன்றிரண்டு சுருக்கங்களை விட்டுவைக்க வேண்டும். விட்டுவைத்தேன். தோப்பு முதலாளியைச் சந்தேகப்படாதீர்கள், யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அப்படியொரு அசிங்கம் என் கடை முத்திரையோடு வெளியே போவதை என்னால் சகிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் படத்தை நானே ஆஸ்பத்திரிக்கு மெயிலில் அனுப்பினேன். அதைப் பார்த்தவர்கள் வெறும் தோல் வறட்சி, எண்ணெய் தடவினால் போதும் என்று எழுதிவிட்டார்கள். ஜீவிதா படம் அச்சான அந்தக் காகிதத்தோடு ஓடி வந்தாள்.

"ஏனுங்கண்ணா, எங்கம்மா கை இப்படியா இருந்துச்சு? மொதல்ல எடுத்தது இருக்குதுங்களா? காய்ச்ச நிக்கவே மாட்டேங்குதுங்க."

"அது அழிஞ்சு போச்சு கண்ணு."

"அப்ப ஊட்டுக்கு வந்து இன்னொருக்கா எடுத்துக் குடுங்க. அம்மா எந்திரிக்கறதே இல்லீங்க."

"நாளைக்கு வர்றேன்" என்றேன்.

வண்டியில் பாதி வழி போனேன். அந்த வாடை நினைவுக்கு வந்தது, திரும்பிவிட்டேன். ஜீவிதா எனக்காக இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் வேறு ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவரப் போயிருந்த நேரத்தில் மருதாத்தாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். எதற்கான படம் என்று தெரிந்தேதான் செய்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூலப்படம் என் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு புண்ணைக்கூட நான் தொடவில்லை.