இடது தோள்

— ஆடாம நில்லு. மூச்சை ஏன் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? நான் என்ன எக்ஸ்ரேயா எடுக்கிறேன்?

— ஊசி, குண்டூசின்னாலே இப்பல்லாம் மூச்சு தானா நின்னுடுது, டெய்லர் சார்.

— போன மாசத்து அளவு இந்த மாசம் நிக்கல, டீச்சரம்மா. இளைச்சுட்ட. பக்கத்துல கொஞ்சம் பிடிச்சுத் தைக்கணும். மத்தபடி எப்படி? நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இதையே போட்டுட்டுப் போயிடலாம். இங்க பாரு, வலது தோளுக்குக் கீழ ஒரு சின்ன வாசல். மருந்து ஏத்த நெஞ்சுத் தோலுக்கடியில அந்த போர்ட்டை வச்சப்புறம், கீமோவுக்குப் போறப்ப சட்டையைக் கழட்டவே வேண்டாம். இந்த மூடியைத் திறந்தா நர்ஸம்மா நேரா ஊசி குத்திடலாம்.

— அழகாத்தான் இருக்கு. பக்கம்தான் தப்பு.

— என்ன தப்பு?

— இடது பக்கம் வைங்கன்னு நேத்தே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். சரின்னுட்டாரு.

— விளையாடாத. வெட்டித் தைச்சே ஆச்சு.

— என்னைக் கேட்டுட்டு வெட்டியிருக்கணும். வர்றவங்க போறவங்களை எல்லாம் கழுத்து வட்டமா, சதுரமான்னு குடைஞ்சு எடுப்பீங்க. பொண்டாட்டின்னா கேள்வியே கிடையாது.

— கேக்க என்ன இருக்கு? வலது பக்கம்தான் வழக்கம்னு அவரே சொன்னாரு. அதோட, யோசிச்சுத்தான் வெட்டினேன். நீ கார் ஓட்டக் கத்துக் கொடுக்கிறவ. ஓட்டுறவங்களுக்கு இடது பக்கத்து சீட்ல உக்காருற. பெல்ட் உன் இடது தோள் மேலதான் வரும். அங்க போய் போர்ட்டை வச்சா உறுத்தாதா?

— உறுத்தும்.

— தெரிஞ்சேவா சொன்ன?

— ஆஸ்பத்திரியில கொடுத்த சோப்பை எங்க வச்சீங்க? ராத்திரி ஒரு தடவை, காலையில ஒரு தடவை குளிக்கச் சொன்னாங்களே.

— பேச்சை மாத்தாத.

— மாத்தல. பவுடர் கூடாது, கம்மல் கூடாது, விடிஞ்சா பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாது. வேலை கிடக்கு.

— அப்ப நீ திரும்ப வேலைக்குப் போறதா இல்ல. அந்த சீட்ல இனிமே உக்காரவே மாட்டோம்னு முடிவு பண்ணிட்ட. அப்படித்தானே?

— நிதானம், நிதானம். முதல்ல கத்தரிக்கோலைக் கீழ வைங்க.

— எனக்குப் பயமா இருக்குடி. குடல்ல கட்டின்னு சொன்ன அன்னைக்குக் கூட, ‘சீக்கிரம் முடிச்சு விடுங்க டாக்டர், கிளாஸ் நிக்குது’ன்னவ நீ. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் மெஷின்ல உக்காந்திருக்கேன். இப்ப நீயே கையை விரிச்சா?

— யார் விரிச்சா? கை நரம்பெல்லாம் கருகிப் போய், ஊசி போட இடம் இல்லைன்னுதானே போர்ட்டே வைக்கிறாங்க. விட்டுடறதா இருந்தா நாளைக்கு எதுக்கு நெஞ்சைக் கொண்டு போய்க் கொடுக்கிறேன்?

— அப்புறம் எதுக்கு இடது?

— வலது பக்கம் வச்சா ஓட்டுற சீட்டு பெல்ட் உறுத்தும்.

— ஓட்டுற சீட்ல உனக்கென்ன வேலை?

— அதைத்தான் இத்தனை வருஷமா நானும் கேக்காம விட்டுட்டேன். ஊர்ல பாதிப் பேர் நான் கத்துக் கொடுத்து ஓட்டுறாங்க. எவன் எங்க மோதுவானோன்னு பார்த்துக்கிட்டே இருந்ததுல, ரோட்டோரத்துல என்ன இருக்குன்னு ஒரு நாள் நான் பார்த்ததில்ல. சலிச்சுப் போச்சுங்க. ஒரு கீமோவுக்கும் அடுத்த கீமோவுக்கும் நடுவுல உடம்பு கொஞ்சம் தேறுதில்ல, அப்ப நான் ஓட்டணும். யாருக்கும் சொல்லிக் கொடுக்காம, சும்மா. தெம்பு இருந்தா ஓட்டுங்கன்னு டாக்டரும் சொல்லிட்டாரு.

— அப்ப கிளாஸ்?

— குணமானதும் போர்ட்டை எடுத்துடுவாங்க. அப்புறம் பழைய சீட்டுக்கே வர்றேன்.

— சத்தியமா?

— நாளைக்கு வரேன்னு சொல்லிட்டேனே, அதை விட என்ன சத்தியம்?

— சரி, கழட்டு சட்டையை. இதை மூடிட்டு இடது பக்கம் வெட்டறேன். இந்த இடம்தானே? கேட்டுட்டேன்பா, அப்புறம் சொல்லாத.

— அதே இடம்தான்.

— எங்கதான் போகப் போற?

— தெரியாது. ரோடு போற வரைக்கும்.

— தனியாவா?

— நீங்க வராமலா? பக்கத்து சீட்ல உக்காருங்க. ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். அது கிளாஸ் வண்டி, உங்க கால்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கும். நான் எவ்வளவு வேகமாப் போனாலும் நீங்க அதை மிதிக்கக் கூடாது.